குடியிருக்கத் தகாத மணலில் ஒரு தார்ச்சாலை: தனுஷ்கோடிக்கு மறுவாழ்வு என்றால் என்ன?

தனுஷ்கோடி பற்றிய செய்திகளைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அன்றைய சென்னை மாநில அரசு, மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அந்த ஊரை அறிவித்தது. 2017 ஜூலையில் அதே ஊரைத் தாண்டி, நிலத்தின் கடைசி முனைவரை தேசிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2019 மார்ச்சில் ராமேஸ்வரத்திலிருந்து அங்கே மீண்டும் ரயில் பாதை போட அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஜூனில் தமிழக அரசு அப்பகுதியில் 524.7 ஹெக்டேரைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. வாழத் தகாது, வந்து பார்க்கலாம், ரயில் விடலாம், பறவைக்கு விட்டுவிடலாம்: ஒரே மணலுக்கு நான்கு தீர்ப்புகள்.

இவற்றில் எது சரி என்று வாதாடுபவர்கள் பெரும்பாலும் புயலிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். அதற்கும் முன்னால் மணலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மணல் என்ன, எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் நான்கு தீர்ப்புகளும் ஏன் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்பது விளங்கும்.

இரண்டு கடலுக்கு நடுவே நிற்கும் மணல்

பாம்பன் தீவின் தென்கிழக்கு வால் போல நீண்டு கிடப்பது தனுஷ்கோடி. கடல் நீரோட்டமும் அலையும் கொண்டுவந்து சேர்த்த மணல், ஒரு முனை கரையோடு ஒட்டியும் மறு முனை கடலுக்குள் நீட்டியும் நிற்பதை மணல்நாக்கு என்று சொல்லலாம். அந்த நாக்கின் நுனிதான் அரிச்சல்முனை. அதற்கு அப்பால் தலைமன்னார்வரை மணல் திட்டுகள் விட்டுவிட்டுத் தொடர்கின்றன.

நாக்கின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமநாதபுரத்துக் கடலோடிகள் வடக்கில் இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கில் இருப்பதை ஆண் கடல் என்றும் அழைப்பார்கள். முன்னது ஆழமற்றது, பெரும்பாலும் அடங்கிக் கிடப்பது. பின்னது கரையிலிருந்து சற்றுத் தள்ளியதுமே ஆழம் எடுப்பது, அலை பெரிது. ஆனால் இந்தக் குணம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், ஆண் கடல் கரையைக் குடையும். வாடை, அதாவது வடகிழக்குப் பருவக் காற்று, பிறந்துவிட்டால் பெண் கடல் எழும்பும். ஒரு பக்கம் அரிக்கும் மாதங்களில் மறுபக்கம் மணல் சேரும். பெரிய அலை வரும்போது மணலை வாரி நாக்கின் மேலேயே எறிந்துவிட்டுப் போகும். காற்று அதை மேடாகக் குவிக்கும். மணல் இப்படி இடம் மாறிக்கொண்டே இருப்பதால்தான் நாக்கு அங்கே நிற்கிறது. அசையாமல் நிறுத்த முயன்றால் அதற்குத் தீனி நின்றுபோகும்.

இதே மணலில்தான் குடிநீரும் இருக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கையால் குழி தோண்டி, ஊறும் நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் நிரப்புகிற பெண்களை அங்கே பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் இதை அற்புதம் என்று படமெடுக்கிறார்கள். உண்மையில் இது எடைக்கணக்கு. மழைநீர் கடல்நீரைவிட இலேசு என்பதால், மணலுக்குள் உப்பு நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், அதைத் தாங்கக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழகிய கணக்கு. அகலம் குறைந்த மணலில் இந்த வில்லையும் மெல்லியதாகவே இருக்கும். அதே கணக்கைத் திருப்பியும் போட வேண்டும்: மோட்டார் வைத்து நன்னீர் மட்டத்தை ஒரு அடி இறக்கினால், கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். கொட்டாங்கச்சியால் மொள்ளும்வரைதான் அது நல்ல நீர். ஒரு விடுதிக்கு வேண்டிய நீரை அங்கே உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை.

அங்கே ஏன் ஊர் வந்தது

சேதுவில் நீராடவும் முன்னோர்க்குச் சடங்கு செய்யவும் யாத்திரிகர்கள் நெடுங்காலமாக வந்தார்கள், போனார்கள். ராமநாதபுரம் மன்னர்களுக்குச் சேதுபதி என்ற பட்டமே இந்த வழியைக் காப்பதால் வந்தது. இன்றைய புதுச் சாலை தொடங்கும் இடத்தின் பெயர் முகுந்தராயர் சத்திரம். யாத்திரிகர் தங்கும் சத்திரத்தின் பெயரைத் தாங்கிய அந்த இடம், முனையிலிருந்து 9.5 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முனைக்குப் போவது, குளிப்பது, திரும்பி வந்து அகலமான மண்ணில் தங்குவது என்ற பழைய ஒழுங்கை அந்தப் பெயரில் வாசிக்கலாம்.

இந்த ஒழுங்கை மாற்றியது ரயில். சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக அதுவரை தூத்துக்குடி வழியாக நீண்ட கடல் பயணம் இருந்தது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், ரயில் பாதை தனுஷ்கோடிவரை நீண்டது. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில். சென்னை எழும்பூர்–ராமேஸ்வரம் விரைவு வண்டியை இன்றும் மக்கள் போட்மெயில் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அன்று பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதுதான் பிரதான பாதை. ராமேஸ்வரம் கிளைப் பாதையில் இருந்தது.

ஆக, மணல் நல்லது என்று பார்த்து யாரும் அங்கே ஊர் கட்டவில்லை. இலங்கைக்குத் தூரம் குறைவு என்று பார்த்துக் கட்டினார்கள். ரயில் நிலையம், துறைமுக அலுவலகம், சுங்கச் சாவடி, தபால் தந்தி அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம், பயணிகள் விடுதிகள் என எல்லாம் வந்தன. தேவாலயத்தின் சுவர்களில் பவளக் கற்களை இன்றும் காணலாம். கரைக்கு அலையைத் தணிக்கும் அரணாகக் கடலில் இருந்த கல்லையே வெட்டி வந்து கரையில் வீடு கட்டியிருக்கிறோம் என்பதை நினைத்தால் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கிறது.

1964: தண்ணீர் எப்படி ஏறியது

அந்தமானுக்குத் தெற்கே டிசம்பர் 17-ஐ ஒட்டி உருவான தாழ்வு நிலை, வலுத்துப் புயலாகி, 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியாவைக் கடந்து பாக் நீரிணைப் பகுதிக்குள் வந்தது. மார்கழி பிறந்து ஒரு வாரம். அன்று இரவு நடந்ததை வெறும் பேரலை என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. புயலின்போது கடல்மட்டமே சில மணி நேரத்துக்கு உயர்ந்து நிற்பதைப் புயல் பெருக்கு என்கிறார்கள். அலைகள் அந்த உயர்ந்த மட்டத்தின் மேல் ஏறி வருகின்றன. பெருக்குக்குப் பின்னால் பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

1. காற்றழுத்தம். புயலின் மையத்தில் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு செ.மீ. உயரும். 50 மில்லிபார் சரிந்தால் அரை மீட்டர். இது மட்டும் என்றால் தாங்கிக்கொள்ளலாம்.

2. காற்று தள்ளும் நீர். ஆழமான கடலில் காற்று மேற்பரப்பு நீரைக் கரைக்குத் தள்ளினால், அது அடிப்பக்கமாகத் திரும்பிப் போக இடம் உண்டு. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. தள்ளப்பட்ட நீருக்குப் போக்கிடம் இல்லை, குவிகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் குவிப்பு நான்கு மடங்காகும்.

3. கரையின் வடிவம். பாக் விரிகுடாவுக்கு மேற்கே தமிழகக் கரை, கிழக்கே யாழ்ப்பாணம், மன்னார்க் கரை, தெற்கே பாம்பன் தீவும் மணல் திட்டுகளும். வடக்கிலிருந்து தள்ளப்படும் நீர் ஒரு பைக்குள் போய்ச் சேர்கிறது. பையின் அடித்தையல்தான் தனுஷ்கோடி.

4. திசை மாற்றம். நம் பக்கத்துப் புயல்களில் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுழலும். மையம் கிழக்கே இருக்கும்வரை தனுஷ்கோடியில் வாடைதான் அடிக்கும். பெண் கடல் ஏறும். மையம் மேற்கே நகர்ந்ததும் காற்று தெற்கிலிருந்து திரும்பும். ஆண் கடலின் முறை வரும். ஒரு கரையில் நிற்கும் ஊருக்குப் பின்னால் ஓட நிலம் இருக்கும். இங்கே பின்னால் இருப்பதும் கடல்.

இத்தனைக்கும் மேல் பௌர்ணமி கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்றம், இயல்பிலேயே உயர்ந்திருந்த நேரம்.

அன்று இரவு 11.55-க்கு பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் விளக்கு எரியாததால் வண்டி நின்றது என்றும், ஓட்டுநர் நீண்ட ஊதல் கொடுத்துவிட்டு முன்னேறினார் என்றும் சொல்லப்படுகிறது. கடல் வண்டியோடு பாதையையும் அடித்துச் சென்றது. ரயில்வே கணக்கில் 110 பயணிகள், 5 ஊழியர்கள். புயலில் மொத்தம் இறந்தவர்கள் குறைந்தது 1,800 பேர் என்பது பரவலாக வழங்கும் எண்ணிக்கை. டிக்கெட் எடுக்காதவர், யாத்திரை வந்தவர், வலை உலர்த்த வந்து தங்கியவர் ஆகியோரை எந்தக் கணக்கும் முழுதாகப் பிடிக்காது.

முடியாமல் விட்டார்களா, வேண்டாம் என்று விட்டார்களா

பணமும் தொழில்நுட்பமும் அன்று இல்லாததால்தான் தனுஷ்கோடி கைவிடப்பட்டது, இன்று இரண்டும் இருக்கின்றன என்று ஒரு வாதம் அடிக்கடி எழுகிறது. இது பொருந்தாது. அதே புயலில் பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் கர்டர்கள், அதாவது தூண்களுக்கு மேல் பாதையைத் தாங்கும் உத்தரங்கள், கடலில் விழுந்தன. பின்னாளில் கொங்கண் ரயில்வேயாலும் டெல்லி மெட்ரோவாலும் பெயர் பெற்ற ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு, விழுந்த கர்டர்களைக் கடலடியிலிருந்து எடுத்து 46 நாட்களில் பாலத்தை நிமிர்த்தியது. அவ்வளவு திறமையும் முனைப்பும் பாம்பனில் இருந்தபோது, அங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாதையை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டது.

இத்தனைக்கும் அப்போது தனுஷ்கோடிக்குத் தேவை கூடியிருந்தது. புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30-ல், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டிருந்தது. அவர்கள் வந்து இறங்க வேண்டிய வாசல் வழக்கப்படி தனுஷ்கோடிதான். வாசலை ராமேஸ்வரத்துக்கு நகர்த்தினார்களே ஒழிய, பழைய இடத்தில் மறுபடி கட்டவில்லை. யோசித்து எடுத்த முடிவு அது. நம் அரசுகள் கடற்கரை பற்றி எடுத்த முடிவுகளில் மிகத் தெளிவான ஒன்றாகவே அதைச் சொல்வேன்.

தெளிவு குறைந்தது பிறகுதான். வாழத் தகாது என்ற அறிவிப்பு கட்டடங்களுக்குப் பொருந்தியது, மீனவர்களுக்குப் பொருந்தவில்லை. தனுஷ்கோடியிலேயே கம்பிப்பாடு, பாலம் என்ற பெயருள்ள குடியிருப்புகளில் ஓலைக் குடிசை போட்டு அவர்கள் தொடர்ந்து இருந்தார்கள். கடல் ஏறினால் குடிசையைப் பிரித்து நகர்த்தலாம். நாட்டுப்படகை மேட்டில் ஏற்றலாம். நகரும் மணலில் நகரும் வீடு. ஆனால் காகிதத்தில் அங்கே ஊரே இல்லை என்பதால் மின்சாரம், குடிநீர், மருத்துவம் எல்லாமே அவர்களுக்குத் தலைமுறைக் கணக்கில் தாமதமாயின.

சாலை என்ன செய்தது

2017-க்கு முன் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேன்கள் மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போகும். இப்போது காரிலேயே அரிச்சல்முனைக்குப் போய் அசோகத் தூண் முன்னால் படமெடுத்துக்கொண்டு திரும்பலாம். மாலையானதும் எல்லோரையும் வெளியேற்றிவிடுகிறார்கள். பகலில் வாழத் தகுந்தது, இரவில் தகாதது என்று ஊருக்கே வேலை நேரம் வைத்தாயிற்று.

சாலைக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1964-ல் தனுஷ்கோடியிலிருந்து வெளியேற ரயிலை விட்டால் வேறு வழி இல்லை. இன்று எச்சரிக்கை வந்ததும் குடிசைகளைக் காலி செய்து மக்களை பஸ்ஸில் ஏற்றிவிட முடியும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும், பிரசவ வலியெடுத்த பெண்ணை ராமேஸ்வரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும், மீனைப் பழுதாகாமல் சந்தையில் சேர்க்கவும் சாலை உதவுகிறது.

அதற்கான விலை மணலில் கொடுக்கப்படுகிறது. சாலையைக் காக்க இருபுறமும் கருங்கல் கொட்டி அணைத்திருக்கிறார்கள். அலை மணலை வாரி நாக்கின் மேல் எறியும் பழைய வேலையை இந்தக் கல் அரண் தடுக்கிறது. கல்லில் மோதித் திரும்பும் அலை, அடிவாரத்து மணலையும் சுரண்டிக்கொண்டு போகிறது. அரண் முடியும் இடத்துக்கு அடுத்த கரையில் அரிப்பு கூடுகிறது. கச்சான் காலத்தில் அலை கல்லைத் தூக்கிச் சாலையில் எறிவதும், அன்று சுற்றுலாப் பயணிகளைத் தடுப்பதும், பிறகு மணலை அள்ளி ஓரத்தில் போடுவதும் வழக்கமாகிவிட்டன. ரயில் பாதை வந்தால் இதே கதை இன்னும் உயரமான கரையோடும் இன்னும் அதிகக் கல்லோடும் நடக்கும். 17 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோடு சரி. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ராமேஸ்வரம் வரைக்குமானது. பழுதான பழைய பாலத்துக்கு மாற்று.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் பார்த்துவிடலாம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பது 1991-ல் முதலில் அறிவிக்கப்பட்டு, 2011-லும் 2019-லும் திருத்தப்பட்ட மத்திய அரசு விதி. மணல் மேடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை போன்றவை அதில் மிகக் கடுமையான முதல் வகைக்குள் வரும். பங்குனி ஆமைகள் முட்டையிட வருவது தனுஷ்கோடியின் தெற்குக் கரைக்குத்தான். சாதாரண கிராமப்புறக் கரைக்குக்கூட, மக்கள்தொகை அடர்த்தி குறைவான இடமென்றால், உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது என்கிறது 2019 விதி. வடக்குக் கடலிலிருந்து 200, தெற்குக் கடலிலிருந்து 200 என்று எடுத்தால், 400 மீட்டருக்குக் குறைவாக மணல் குறுகும் இடங்களில் எல்லாம் கையில் மிஞ்சுவது பூஜ்யம். முதலீட்டாளர் மாநாட்டில் வரைபடம் விரிப்பவர்கள் இந்தக் கழித்தலை முதலில் போட்டுவிட்டால் பலருடைய நேரம் மிச்சமாகும்.

மழை வெள்ளம் வேறு

2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 82 செ.மீ. தான். அரை ஆண்டு மழை ஒரு பகலில் இறங்கி, தெருக்களில் தண்ணீர் கட்டி நின்றபோது, தனுஷ்கோடி மறுபடியும் மூழ்குகிறது என்று செய்தி பரவியது. இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள். புயல் பெருக்கில் நீர் கடலிலிருந்து வருகிறது. இங்கே வானத்திலிருந்து வந்த நீர் கடலுக்குப் போக வழியில்லாமல் நிற்கிறது.

மணல் தீவில் தண்ணீர் ஏன் நிற்க வேண்டும் என்று தோன்றும். ஐப்பசி மழையிலேயே நன்னீர் வில்லை தரைமட்டத்துக்கு அருகில் ஏறிவிட்டிருக்கும். அதற்குமேல் மணல் குடிக்காது. மேடுகளுக்கு இடையே இருந்த பள்ளங்களில் தேங்கி, மெல்ல வடிய வேண்டிய நீர், அந்தப் பள்ளங்கள் வீட்டு மனைகளாகிவிட்டதாலும் உயர்த்திய சாலைகள் குறுக்கே நிற்பதாலும் வீட்டுக்குள் போகிறது. இதற்குத் தீர்வு உண்டு: சாலைக்கு அடியில் போதுமான குழாய்ப் பாலங்கள், பள்ளங்களை மனையாக்காமல் விடுவது, ஓடைகளைத் தூர்வாருவது. பெருக்குக்கு அப்படி ஒரு தீர்வு கிடையாது. விலகி நிற்பது மட்டும்தான்.

இரவில் அங்கே யார் தூங்குவது

மறுவாழ்வுத் திட்டம் எதுவானாலும் அதன்மேல் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பகலில் வந்து போகும் கூட்டத்துக்குக் கழிப்பறையும் குப்பைத் தொட்டியும் நிழலும் போதும். அவற்றை முகுந்தராயர் சத்திரத்துப் பக்கமே வைத்துவிட்டு, முனைக்கு மின்சார பஸ் விடலாம். விடுதி, கடைத்தெரு, ரயில் நிலையம் என்றால் ஊழியர்கள், குடும்பங்கள், இரவுத் தங்கல் என்று 1914-ல் தொடங்கிய சங்கிலி மறுபடி தொடங்கும். இடிபாடுகளை அப்படியே காப்பது வேறு வேலை. தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் உப்புக் காற்றில் ஆண்டுக்கு ஆண்டு உதிர்கின்றன. பூநாரைகளுக்கு விட்டதில் எனக்குக் குறையில்லை. குறை, அந்தச் சேற்றுப் பரப்பின் ஓரத்தில் மூன்று தலைமுறையாகக் கரைவலை இழுப்பவர்களின் உரிமையும் அதே அளவு தெளிவாக எழுதப்படவில்லை என்பதில்தான்.

அவர்களைப் பொறுத்தவரை சாலையைவிடப் பெரிய பாதுகாப்பு, சரியான நேரத்தில் வரும் எச்சரிக்கை. வாடைக் காலத்தில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியைப் படிக்கிறோம். 1, 2 எண்கள் தொலைவில் உள்ள புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரும் என்பதற்கு. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். எண் 8 ஏறும் நேரத்தில் தாழ்வான அந்த 9.5 கிலோமீட்டர் சாலையின் மேல் அலை புரளத் தொடங்கியிருக்கும் என்பதால், கம்பிப்பாட்டை 3-லேயே காலி செய்ய வேண்டும். பட்டியலில் 11 என்றும் ஓர் எண் உண்டு. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான கூண்டு அது.